ஒய் குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் யாருக்கு, எப்படி இறங்குகின்றன?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இது பதில். அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மூத்த மகள், ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் என்று உயிரியல் வகுப்பில் படித்ததை வீட்டில் சொல்ல, அருகில் இருந்த பாட்டி, “அப்படியென்றால் நம்ம குலம் இவனோடு நின்றுபோச்சா?” என்று கேட்டுவிட்டாராம். அதே மாதத்தில், திருமணமாகி ஆறு ஆண்டுகளாகக் குழந்தை இல்லாத தம்பியின் மருத்துவ அறிக்கையில், ஒய் குரோமோசோமில் ‘ஏஇசட்எஃப்சி’ என்ற பகுதி விடுபட்டிருக்கிறது என்று வந்திருக்கிறது. அந்தக் குரோமோசோமில் அப்படி என்னதான் இருக்கிறது, அது எப்படித் தலைமுறை கடக்கிறது, தம்பிக்கு இருக்கும் குறை தமக்கும் இருக்குமா, தம் மகள்களுக்குத் தம் வழியில் எதுவும் போய்ச் சேரவில்லையா என்று அவர் கேட்கிறார்.

குரோமோசோம் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவன் என்பதால், கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவரின் இரத்தத்தில் சிறிதளவு எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை இரண்டாகப் பிரியும் தறுவாயில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டுச் சாயமேற்றினால், 46 குரோமோசோம்களும் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதைக் காணலாம். 22 இணைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. 23ஆம் இணை பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். ஒய் மிகச் சிறியது. 21, 22ஆம் குரோமோசோம்களின் அளவுதான் இருக்கும். அதன் நீண்ட கரத்தின் கீழ்ப்பகுதியில் குவினக்ரைன் என்ற ஒளிர்சாயத்தை ஏற்றினால், வேறெந்தக் குரோமோசோமும் ஒளிராத அளவுக்கு அது பளிச்சென்று ஒளிரும். அந்த ஒளிரும் பகுதியின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். சிலரிடம் ஒய் முழுவதும் 18ஆம் குரோமோசோம் அளவுக்கு நீண்டுகூட இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் இளம் ஆய்வாளர் அதைக் கண்டால் ஏதோ கோளாறு என்று குறித்து வைத்துவிடுவார். அந்த நீண்ட ஒய்யை உடையவருடைய தந்தையின் இரத்தத்தையும் வரவழைத்து அதே சாயத்தை ஏற்றி இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தந்தையிடமும் அதே நீளம் இருக்கும். ஒய் குரோமோசோம் இறங்கும் விதத்தை எனக்குப் பாடநூல்களைவிட அந்த இரண்டு படங்கள்தான் நன்றாகக் கற்றுக்கொடுத்தன.

அந்த நீள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது 2023இல்தான் எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 43 ஆண்களின் ஒய் குரோமோசோம்களைப் படித்தபோது, மிகச் சிறியது சுமார் 4 கோடியே 52 லட்சம் கார இணைகளும், மிகப் பெரியது சுமார் 8 கோடியே 49 லட்சம் கார இணைகளும் கொண்டிருந்தன. கார இணை என்பது டிஎன்ஏ எழுத்தின் ஓர் அலகு. ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு என்ற வேறுபாடு இருந்தும் அந்த ஆண்கள் எல்லாரும் ஆண்களே. நீளும் பகுதியில் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் வெற்றுத்தொடர்களே இருக்கின்றன. அதே ஆண்டில் ஒரு மனிதரின் ஒய் குரோமோசோம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இடைவெளி இல்லாமல் முதன்முறையாகப் படிக்கப்பட்டது. சுமார் 6 கோடியே 25 லட்சம் கார இணைகள். அதுவரை அனைவரும் பயன்படுத்திவந்த மேற்கோள் பிரதியில் பாதிக்கு மேல் படிக்கப்படாமலே இருந்தது. புதிய கணக்கின்படி அதில் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் 106. பலவும் ஒன்றன் நகல்கள் என்பதால், வகை வாரியாக எண்ணினால் எண்ணிக்கை இன்னும் வெகுவாகக் குறையும். 2003ஆம் ஆண்டுக் கணக்கில் 78 மரபணுக்கள் 27 வகைப் புரதங்களையே தந்தன. எக்ஸ் குரோமோசோமில் இருப்பவையோ எண்ணூறுக்கும் மேல்.

இனி அது இறங்கும் முறை. மற்ற 22 இணைகளிலும், விந்தணுவோ சினைமுட்டையோ உருவாகும் குன்றல் பகுப்பின்போது, தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமும் அருகருகே படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதைக் குறுக்கேற்றம் என்கிறோம். அதனால் நீங்கள் உங்கள் பிள்ளைக்குத் தரும் 7ஆம் குரோமோசோம் உங்கள் அப்பாவுடையதும் அல்ல, அம்மாவுடையதும் அல்ல. இருவருடையதும் ஒட்டுப்போட்டு நெய்த புதுத் துணி. ஒய் குரோமோசோமுக்கு இப்படி மாற்றிக்கொள்ள இன்னொரு ஒய் இல்லை. எக்ஸுடன்தான் அது இணை சேர வேண்டும். அதுவும் இரு முனைகளில் மட்டும். குட்டைக் கரத்தின் முனையில் சுமார் 27 லட்சம் கார இணைகள், நீண்ட கரத்தின் முனையில் சுமார் 3 லட்சத்துச் சொச்சம், இவை மட்டுமே எக்ஸுக்கும் ஒய்க்கும் பொதுவானவை. இடையில் உள்ள ஏறக்குறைய 95 விழுக்காடு தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே, பிரித்துக் கலக்காமல் போகிறது. விந்தணுக்களில் பாதி எக்ஸைச் சுமக்கின்றன, பாதி ஒய்யைச் சுமக்கின்றன. எது முட்டையை அடைகிறதோ அதைப் பொறுத்துப் பெண்ணோ ஆணோ. பெண் பிள்ளைகள் பிறந்ததற்காக இன்னமும் மருமகள்களைப் பழிக்கும் குடும்பங்கள் இங்கேயும் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முட்டையில் எப்போதும் எக்ஸ்தான் இருக்கிறது, அதில் தாய் தேர்வதற்கு எதுவும் இல்லை.

முனைகளைப் பற்றி உங்கள் மகளின் பாடநூல் ஒரு வரியில் முடித்திருக்கும்; ஆனால் அங்கேதான் ‘தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும்’ என்ற விதி தளர்கிறது. குட்டைக் கரத்தின் முனையில் ஷாக்ஸ் என்ற மரபணு இருக்கிறது. எலும்பு வளர்ச்சிக்கும் உயரத்துக்கும் அது வேண்டியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு பிரதிகள் தேவை. ஒரே எக்ஸுடன் பிறக்கும் டர்னர் குறைபாடுள்ள பெண்கள் குள்ளமாக இருப்பதற்கு, அவர்களிடம் ஷாக்ஸின் ஒரு பிரதி இல்லாததே முக்கியக் காரணம். ஒரு தந்தையின் ஒய்யில் உள்ள ஷாக்ஸ் பழுதுபட்டிருந்தால், குறுக்கேற்றத்தில் அது எக்ஸுக்கு மாறி மகளுக்கும் போகலாம். ஆகவே அந்த முனைகளில் உள்ள மரபணுக்கள் பெயருக்குத்தான் ஒய்யில் இருக்கின்றன. இறங்கும் விதத்தில் அவை மற்ற 22 இணைகளைப் போன்றவையே. ஆணின் உடலில் ஒவ்வொரு முறை விந்தணு உருவாகும்போதும் எக்ஸும் ஒய்யும் சரியாகப் பிரிவதற்கு, அந்தச் சிறு முனையில் ஒரு குறுக்கேற்றமாவது நடந்தாக வேண்டும். அது தவறினால் இரண்டும் ஒன்றாகவே போய், எக்ஸ்எக்ஸ்ஒய் என்ற அமைப்புடன் குழந்தை பிறக்கக்கூடும்.

முனைகளை விட்டு உள்ளே போனால், எல்லையிலிருந்து சில ஆயிரம் கார இணைகள் தொலைவிலேயே எஸ்ஆர்ஒய் நிற்கிறது. ஒய்யின் மரபணுக்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இல் மாவுப்புழு வண்டுகளின் செல்களை எண்ணியபோது, பெண்ணில் 20 பெரிய குரோமோசோம்களும், ஆணில் 19 பெரியவையும் ஒரு சிறியதும் இருப்பதைக் கண்டார். அந்தச் சிறியதுதான் பின்னாளில் ஒய் என்று பெயர் பெற்றது. ஆனால் பழ ஈக்களில் ஒய் பால் நிர்ணயம் செய்வதில்லை என்று தெரிந்ததால், மனிதரிலும் அப்படித்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1959இல் இரண்டு பேரின் குரோமோசோம்கள் அந்த நம்பிக்கையை உடைத்தன: இரண்டு எக்ஸ் இருந்தும் ஓர் ஒய்யும் இருந்த ஒருவர் ஆணாகவும், ஓர் எக்ஸ் மட்டுமே இருந்த ஒருவர் பெண்ணாகவும் இருந்தார்கள். எக்ஸ் எத்தனை என்பது கணக்கில்லை, ஒய் இருக்கிறதா என்பதே கணக்கு என்று தெளிந்தது. ஒய்யில் எந்த இடம் என்ற தேடல் 1990வரை நீண்டு, லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்களால் எஸ்ஆர்ஒய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே, இரண்டு எக்ஸ் கொண்ட எலிக் கருவில் அந்த ஒரு மரபணுவைச் செலுத்தியபோது அது ஆண் எலியாக வளர்ந்தது.

எஸ்ஆர்ஒய் தரும் புரதம் மிகச் சிறியது. 204 அமினோ அமிலங்கள்தாம். கருவின் ஆறாவது, ஏழாவது வாரத்தில் சிறிது நேரமே அது வேலை செய்கிறது. அதுவரை விந்தகமாகவும் ஆகக்கூடிய, சினைப்பையாகவும் ஆகக்கூடிய ஓர் உறுப்பில், 17ஆம் குரோமோசோமிலுள்ள சாக்ஸ்9 என்ற மரபணுவை அது தூண்டிவிடுகிறது. பிறகு சாக்ஸ்9 தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொண்டு விந்தகத்தை உருவாக்க, விந்தகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் முதலியவை மீதி வேலையைப் பார்க்கின்றன. ஆணாக வளர்வதற்குத் தேவையான நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மற்ற குரோமோசோம்களில், பெண்களிடமும் இருப்பவையே. எஸ்ஆர்ஒய் அவற்றை எழுப்பிவிடும் சாவி. ஒரு பெண்ணின் உடலிலும் சினைப்பை தானாக வந்துவிடுவதில்லை, அதற்கும் தனியே மரபணுக்கள் உழைக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லைக்கு இவ்வளவு அருகில் குடியிருப்பதால் எஸ்ஆர்ஒய்க்கு ஓர் ஆபத்தும் உண்டு. குறுக்கேற்றம் சில ஆயிரம் கார இணைகள் தள்ளி நடந்துவிட்டால், அது எக்ஸில் ஏறிக்கொள்கிறது. அந்த எக்ஸைப் பெறும் குழந்தை, 46 எக்ஸ்எக்ஸ் என்று அறிக்கை வந்தாலும், ஆணாகவே வளர்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்களில் ஒருவர் இப்படி எக்ஸ்எக்ஸ் அமைப்புடையவர். அவர்களில் பெரும்பாலோரிடம் எஸ்ஆர்ஒய் எக்ஸில்தான் இருக்கிறது. எதிர்ப்புறத்தில், ஒய் இருந்தும் எஸ்ஆர்ஒய் பழுதடைந்ததால் பெண்ணாக வளர்பவர்களும் உண்டு. பருவமடையாததால் மருத்துவரிடம் வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இப்படி ஓர் அறிக்கையைக் கையில் வாங்கும் இளம்பெண்ணிடம் ‘நீ உண்மையில் ஆண்’ என்று சொல்வது அறிவியல்படியும் தவறு, மனிதத்தன்மைக்கும் தகாது.

ஒய்யில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: எக்ஸில் இணை மரபணு உள்ள பழைய மரபணுக்கள். எக்ஸும் ஒய்யும் பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ச் சாதாரண இணையாக இருந்தவை. அறுநூறுக்கு மேற்பட்ட பொது மரபணுக்களில் ஒய் இன்று வைத்திருப்பது ஏறத்தாழ 3 விழுக்காடுதான். இதைக் கேட்டவுடன் ஒய் அழிந்துகொண்டே வருகிறது, ஆணினமே இல்லாமல் போகும் என்று எழுதுகிறார்கள். நான் அந்தப் பயத்தை ஏற்பதில்லை. மனிதரின் ஒய்யையும் ரீசஸ் குரங்கின் ஒய்யையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வின்படி, இரு இனங்களும் பிரிந்த 2 கோடியே 50 லட்சம் ஆண்டுகளில் மனிதரின் ஒய் இழந்த பழைய மரபணு ஒன்றே ஒன்று. போக வேண்டியவை தொடக்கத்திலேயே போய்விட்டன, எஞ்சியவை போகக்கூடாதவை. செல்லின் அடிப்படை வேலைகளான புரதம் செய்தல், மற்ற மரபணுக்களைத் திறந்து மூடுதல் முதலியவற்றில் அவை ஈடுபட்டுள்ளன.

இந்தக் கூட்டத்தில் ஒன்று நமக்கு நெருக்கமானது. பல்லின் எனாமலுக்கு வேண்டிய அமெலோஜெனின் புரதத்துக்கு எக்ஸிலும் ஒரு மரபணு, ஒய்யிலும் ஒரு மரபணு உண்டு. இரண்டும் நீளத்தில் சற்று வேறுபடுவதால், இரத்தக்கறையோ எலும்போ ஆணுடையதா பெண்ணுடையதா என்று கண்டறியத் தடயவியலார் உலகெங்கும் இதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் சில ஆண்களின் ஒய்யில் இந்த மரபணுவே இல்லை. அதனால் அவர்களின் மாதிரி பெண்ணுடையது என்று முடிவு வந்துவிடும். சிங்கப்பூர், மலேசிய மக்களிடையே செய்யப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வு, குட்டைக் கரத்தில் சுமார் 30 லட்சம் கார இணைகள் சேர்ந்தாற்போல் விடுபட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று காட்டியது. இந்த விடுபாடு இந்திய வம்சாவளியினரிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. முன்னோர் ஒருவரிடம் ஒருமுறை நேர்ந்தது, அவர் வழிவந்த ஆண்களிடம் எல்லாம் தொடர்கிறது. அவர்களின் பல்லுக்கும் கெடுதல் இல்லை, எக்ஸில் உள்ள பிரதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக அது இறங்கிவந்திருப்பதே பிள்ளைப்பேற்றுக்கும் தடையில்லை என்பதற்குச் சான்று. ஒய்யில் ஒரு துண்டு இல்லை என்றாலே நோய் என்று கொள்ளக்கூடாது. எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி.

அது உங்கள் தம்பியின் அறிக்கைக்குக் கொண்டுவந்து விடுகிறது. ஒய்யின் நீண்ட கரத்தில் விந்தணு உற்பத்திக்கான மரபணுக்கள் குழுக்குழுவாக உள்ளன. அந்தப் பகுதி இல்லாத ஆண்களுக்கு விந்தணு இல்லாமல் போவதை இத்தாலியின் தியெபோலோ, சுஃபார்டி இருவரும் 1976இல் நுண்ணோக்கியிலேயே கண்டார்கள். இன்று அந்தப் பகுதியை ஏஇசட்எஃப் என்று அழைத்து, ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறோம். உங்கள் தம்பிக்கு விடுபட்டிருப்பது கடைசியான சி. அங்கே டாஸ் என்ற மரபணுவின் நான்கு நகல்கள் உள்ளன. அந்த நகல்கள் அமர்ந்திருக்கும் இடத்தின் அமைப்பு வியப்பானது. தமிழில் ‘விகடகவி’ என்ற சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான். மாலைமாற்று என்று பாட்டு முழுவதையும் அப்படிக் கட்டினார்கள் நம் புலவர்கள். ஒய்யில் அவ்வாறான எட்டு மாலைமாற்றுகள் இருக்கின்றன. மிகப் பெரியது 29 லட்சம் கார இணைகள் நீளம். அதன் இரு பாதிகளும் 99.97 விழுக்காடு ஒன்றுபோல் இருக்கின்றன. துணை இல்லாத ஒய், தன் ஒரு பாதியில் பிழை நேர்ந்தால் மறு பாதியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள இந்த ஏற்பாடு உதவுகிறது. அதே ஒற்றுமைதான் ஆபத்தும். குன்றல் பகுப்பின்போது ஒரே மாதிரியான இரண்டு தொடர்கள் தவறாக ஒட்டிக்கொண்டால், இடையில் உள்ள சுமார் 35 லட்சம் கார இணைகள் வளையமாகக் கழன்று விழுந்துவிடுகின்றன. சி பகுதி விடுபாடு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

அந்த விபத்து பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும் தருணத்தில் புதிதாக நடப்பது. உங்கள் தம்பி உருவான அந்த ஒரு விந்தணுவில் அது நடந்திருக்க வேண்டும். உங்களுடையது வேறொரு விந்தணு. இரண்டு பிள்ளைகளுக்கு இயல்பாகத் தந்தையான உங்களிடம் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தம்பியின் நிலையும் கைவிட வேண்டியதல்ல. ஏ பகுதி முழுவதும் இல்லாதவர்களிடமும் பி பகுதி முழுவதும் இல்லாதவர்களிடமும் விந்தணு கிடைப்பது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். சி பகுதி மட்டும் இல்லாத பலரிடம் விந்திலேயே சிறிதளவு விந்தணு இருக்கும், அல்லது விந்தகத்திலிருந்து நுண்ணறுவை மூலம் எடுக்க முடியும். எடுத்த விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்திக் கருவுறச் செய்யலாம். அப்படிப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அதே விடுபாடு போய்ச் சேரும், மகளுக்குப் போகாது. தெரிந்தே அந்தக் குறையை மகனுக்குத் தருவதா என்று தம்பியும் அவர் மனைவியும்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் அறிக்கையில் ஏ, பி, சி மூன்றும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேட்டு, மரபியல் ஆலோசகர் ஒருவரையும் இருவராகச் சென்று பார்க்கட்டும். இந்தக் குறையால் அவருடைய உடல்நலத்துக்கோ ஆண்மைக்கோ குறைவில்லை என்பதைக் குடும்பத்தில் மூத்தவரான நீங்கள் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆண்கள் இந்த அறிக்கையை மறைத்து வைத்துக்கொண்டு தனியாகத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எவையெல்லாம் ஒய்யில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது எல்லாவற்றையும் ஒய்யின் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டதால். வழுக்கை ஒய்யில் இல்லை. அதற்கான முக்கிய மரபணுக்களில் ஒன்று எக்ஸில், அதாவது மகனுக்குத் தாயிடமிருந்து வருவதில் இருக்கிறது, மற்றவை பல குரோமோசோம்களில் பரவியுள்ளன. நிறக்குருடும் ஹீமோஃபிலியாவும் எக்ஸில். சர்க்கரை நோய்க்கான சாய்வு பல குரோமோசோம்களில் சிதறியிருப்பதால் மகளுக்கும் மகனுக்கும் சமமாகப் போகும். காதுமடலில் முடி வளர்வது ஒய் வழியாக வருவது என்று பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். ஆந்திராவில் குடும்ப வரைபடங்களைத் தொகுத்து 1960இல் கிருஷ்ண துரோணம்ராஜு அதை வலியுறுத்தினார். 2004இல், காதில் முடியுள்ள தென்னிந்திய ஆண்களின் ஒய்யை முடியில்லாதவர்களின் ஒய்யுடன் ஒப்பிட்டபோது, அந்தப் பண்புக்கும் ஒய் கிளைகளுக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. இன்னமும் சில பயிற்சி நூல்களில் அந்தப் பழைய எடுத்துக்காட்டு அப்படியே கிடக்கிறது. உங்கள் மகள் அதைப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

உண்மையாகவே ஒய் வழியாக மட்டும் இறங்கிய நோய்க்கு நல்ல எடுத்துக்காட்டு சீனாவில் கிடைத்தது. ஒரு பெரிய குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கு மட்டும் கேட்கும் திறன் குறைந்துவந்ததை 2004இல் அறிவித்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின: ஒய்யில் இருந்த மரபணு எதுவும் கெடவில்லை, 1ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டு வந்து ஒய்யில் செருகிக்கொண்டிருந்தது. அதே குடும்பத்தின் தூரத்து உறவினர் இருவரை வைத்து 2009இல் இன்னொன்றையும் அளந்தார்கள். இருவருடைய ஒய்க்கும் இடையே 13 தலைமுறைகள். சுமார் ஒரு கோடி கார இணைகளை ஒப்பிட்டபோது அவற்றில் வேறுபட்டவை நான்கே நான்கு. 13 முறை கைமாறியும் ஒரு கோடி எழுத்தில் நான்கு பிழை. ஓலைச்சுவடியைப் படியெடுத்த எந்த எழுத்தரும் இதற்கு அருகில் வரமாட்டார்.

அந்த நான்கு பிழைகள்தான் வம்சாவளி ஆய்வுக்கு அடிப்படை. ஒருவரிடம் புதிதாக நேர்ந்த மாற்றம் அவர் வழிவந்த ஆண்கள் எல்லாரிடமும் தங்கிவிடுவதால், யார் எப்போது கிளை பிரிந்தார் என்று கணக்கிடலாம். தமிழ்நாட்டில் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களை வைத்து 2012இல் வெளியான ஆய்வில் எச், எல், ஆர், ஜே முதலான பல கிளைகள் பதிவாயின. ஒரே சமூகத்துக்குள் பல கிளைகள் இருக்கின்றன, ஒரே கிளை பல சமூகங்களில் இருக்கிறது. ஆகவே உமிழ்நீர்ச் சோதனையில் ஓர் எழுத்தும் எண்ணும் வந்ததை வைத்துக்கொண்டு சாதிப் பெருமை பேசுவதற்கு அதில் இடமே இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவைத் தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஐந்து தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு முன்னோர் 32 பேர். பத்துத் தலைமுறை போனால் 1,024 இடங்கள். ஒய் அவர்களில் ஒரே ஒருவரைத்தான் காட்டும். மற்ற 1,023 பேரைப் பற்றி அது வாய் திறக்காது.

இப்போது உங்கள் அம்மாவின் கேள்வி. நம் அடையாள அட்டைகளில் மகனுக்கு ‘எஸ்/ஓ’ என்றும் மகளுக்கு ‘டி/ஓ’ என்றும் போட்டுத் தந்தையின் பெயரை எழுதும் வழக்கம் உண்டு. ஒய் குரோமோசோமுக்கு ‘எஸ்/ஓ’ மட்டுமே எழுதத் தெரியும். ஆனால் தந்தை தரும் 23 குரோமோசோம்களில் அது ஒன்றுதான். மற்ற 22ஐயும் நீங்கள் உங்கள் மகள்களுக்குத் தந்திருக்கிறீர்கள். 23ஆவதாக உங்கள் எக்ஸையும் தந்திருக்கிறீர்கள். அந்த எக்ஸ் சுமார் 15 கோடியே 40 லட்சம் கார இணைகள் கொண்டது, ஒய்யோ 6 கோடியே 25 லட்சம். மகனைவிட மகளுக்கே தந்தை அதிக டிஎன்ஏ தருகிறார் என்பது கணக்கு.

அந்த எக்ஸ் உங்களிடம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அது அவருடைய தாய் தந்தது. உங்கள் உடலில் அதற்கு இணை இல்லாததால், முனைகளைத் தவிர வேறெங்கும் கலக்காமல், உங்கள் அம்மா உங்களுக்குத் தந்த எக்ஸ் முழுமையாக உங்கள் இரு மகள்களிடமும் இருக்கிறது. உங்களுக்கு மகன் பிறந்திருந்தால் அந்த எக்ஸ் அவனுக்குப் போயிருக்காது. அவன் பெற்றிருக்கும் ஒய்யில் உங்கள் அம்மாவின் பங்கு எதுவும் இல்லை, அது உங்கள் அப்பா வழியில் வந்தது. பேரனிடம் இருந்திருக்க முடியாத பாட்டியின் குரோமோசோம், இரண்டு பேத்திகளிடமும் ஒன்றுபோல் இருக்கிறது. இதை வாயால் சொல்வதைவிட மூத்த மகளிடம் ஒரு தாளையும் இரண்டு வண்ணப் பென்சில்களையும் கொடுத்து, பாட்டியின் இரண்டு எக்ஸ்களை மேலே வரைந்து, அவை கலந்து அப்பாவுக்கு வந்த ஒன்றை நடுவில் வரைந்து, அதே வண்ணங்களைக் கீழே தனக்கும் தங்கைக்கும் தீட்டச் சொல்லுங்கள். பாட்டிக்கு அதை அவரே காட்டட்டும்.